உருக்கும் செம்பும்: உலோகமணிகளின் மிகைவளர்ச்சி பற்றிய ஒரு விளக்கம்

1. முன்னுரை

சிறுபாணாற்றுப்படையைப் பயின்றார்க்குக் கிடங்கில் என்னும் ஊர்ப்பெயர் புதிதன்று. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாக விளங்கிய அவ்வூர் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது. புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணிவனம் என்பதன் திரிபே திண்டிவனம் என்பர். அந் நகரும், அதன் தென்மேற்கே அமைந்த விழுப்புரமும், அதற்கு மேற்கே கல்வராயன் மலையடிவரை பரந்து கிடக்கும் நிலமும் முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. 1993இல் விழுப்புரம் மாவட்டமாகப் பிரிந்தன. 2019இல் மேற்குப் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டம் எனத் தனித்து நின்றது.

இந் நிலப்பகுதி தமிழாராய்வார்க்கு இருவகை உலோகச் சான்றுகளை வழங்கியுள்ளது. ஒன்று, மேற்கே மேல்சிறுவள்ளூரில் கண்டறியப்பெற்ற, உருக்குச் செய்தற்கு உதவிய மூசைகளின் உடைசல்கள். மற்றொன்று, விழுப்புரம் வட்டாரத்து எசாலத்தில் 1987இல் வெளிப்பட்ட, முதலாம் இராசேந்திரசோழன் காலத்துச் செப்பேட்டுத் தொகுதியும் செப்புத் திருமேனிகளும். முன்னதைப் பற்றி உலோகவியலார் எழுதியுள்ளனர். பின்னதைப் பற்றிக் கல்வெட்டறிஞரும் கலைவரலாற்றாரும் எழுதியுள்ளனர். இவ்விரண்டிற்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. அஃது உலோகத்தின் உள்ளே அமைந்த மணிகள் வெப்பத்தால் வளரும் முறைமை. அதனுள்ளும், மிகச் சில மணிகள் மட்டும் ஏனையவற்றை விழுங்கி அளவிறந்து பெருகும் மிகைவளர்ச்சி என்பது தனியே கருதத்தக்கது. அதனை விளக்குதலே இக் கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவலாம். உலோகத்தின்மேல் எழுதப்பட்டதை நாம் படித்து வருகின்றோம்; உலோகத்தின் உள்ளே எழுதப்பட்டிருப்பதை நாம் கருதுவதில்லை. வார்த்ததா, அடித்ததா, காய்ச்சியதா, காய்ச்சி எவ்வளவு நேரம் வைத்தது என்னும் செய்திகளை உலோகம் தன் உள்ளமைப்பிற் பொதிந்து வைத்துள்ளது. அவ்வுள்ளேட்டை அழிக்கவல்லது தீ. அஃது எவ்வாறு அழிக்கின்றது என்பதை அறிந்தாலன்றி, நம் கைக்கு எட்டிய சான்றுகளை நாமே கெடுத்தவர் ஆவோம் என்க.

2. ‘மணி’ என்னும் சொல்

உலோகத் துண்டு ஒன்றை வழவழப்பாகத் தேய்த்து மெருகிட்டு, மென்மையான அமிலத்தால் சிறிது அரிக்கச்செய்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கின், அது பிளவற்ற ஒரே பரப்பாகத் தோன்றாது. பல பக்கங்களையுடைய சிறு சிறு அறைகள் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும் காட்சியே புலப்படும். உருப்பெருக்கி இல்லாமலும் இதனைக் காணலாம். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியின் புறத்தே, ஒளிபடுந்தோறும் ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் தோன்றும் இலைபோன்ற பகுதிகளை யாவரும் கண்டிருப்பர். அவை ஒவ்வொன்றும் துத்தநாகத்தின் ஒரு படிகமே. பூச்சில் அவை பெரியனவாக இருத்தலின் கண்ணுக்குத் தோன்றுகின்றன. பெரும்பாலான உலோகங்களில் அவை ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு கூறு முதல் பத்திலொரு கூறு வரையான அளவினவாய் நுணுகி நிற்றலின் வெறுங்கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

ஓர் அறைக்குள் அடங்கிய அணுக்கள் யாவும் ஒரே திசையில் ஒழுங்குபட அடுக்கப்பட்டுள்ளன. அடுத்த அறையிலும் அடுக்குமுறை அதுவே. ஆயின் திசை வேறு. இருவேறு திசைகள் வந்து முட்டும் இடமே இரண்டிற்கும் எல்லை.

இவ்வறையைத் தமிழில் எச்சொல்லாற் குறிப்பது? ‘துகள்’ என்பது ஒன்றோடொன்று ஒட்டாது பிரிந்து நிற்பதனைக் குறிக்கும். ஈண்டுப் பிரிவு இல்லை. ‘குருணை’ உடைந்ததன் பெயர். ஈண்டு உடைதல் இல்லை. ‘பரல்’ தனித்துக் கிடக்கும் கல்லையும் வித்தையும் நினைவூட்டும். ‘மணி’ என்னும் சொல்லே பொருத்தமுடையது எனக் கருதுகின்றோம். நெல்லும் மணி, ஒளிவிடும் கல்லும் மணி. விளைபொருளின் சிறுகூறு என்னும் பொருளும் படிகம் என்னும் பொருளும் அச்சொல் ஒன்றிலேயே அமைந்துள்ளன. வளர்தல் என்னும் வினையும் அதனோடு இயல்பாகப் பொருந்தும்.

வடிவத்திற்கு உவமை வேண்டின் மாதுளங்கனியைக் கூறலாம். கனியினுள் வித்துகள் உருண்டையாகத் தோன்றி, வளர வளர ஒன்றையொன்று நெருக்கிப் பட்டை தீர்ந்த முகங்களைப் பெறுகின்றன. வானநூலறிஞர் கெப்ளர் 1611இல் பனித்திவலையின் வடிவம் பற்றி எழுதிய சிறுநூலிலும் இம் மாதுளை வித்துகளின் வடிவத்தை ஆராய்ந்துள்ளார். ஆயினும் உவமை ஓரிடத்திற் பிறழும். மாதுளையில் ஒரு வித்து மற்றொன்றை விழுங்குவதில்லை. உலோகத்தில் விழுங்குகின்றது.

மணி, மணியெல்லை, மணிவளர்ச்சி, மிகைவளர்ச்சி என்னும் நான்கு சொற்களையே இனி ஆள்வோம். ‘இயல்பல்லா வளர்ச்சி’ என்னாது ‘மிகைவளர்ச்சி’ என்றதற்குக் காரணம் உண்டு. அவ்வளர்ச்சியும் இயற்கை நெறியின்பாற்பட்டதே, அளவே மிகுந்தது. மேலும், மிகை என்னும் சொல்லுக்கு மிகுதி என்பதோடு குற்றம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. இவ்வளர்ச்சி சிலவிடத்துப் பயனும் சிலவிடத்துக் குற்றமும் ஆதலின் இருபொருளும் ஏற்கும்.

3. மணி வளருமாறு

மணியின் உள்ளேயிருக்கும் அணு தன்னைச் சூழ்ந்த அணுக்களோடு முறைப்படி பிணிப்புண்டு நிற்கின்றது. எல்லையில் நிற்கும் அணுவிற்கு அத்தகைய நிறைந்த பிணிப்பு இல்லை. அதனால் எல்லைப்பரப்பு முழுவதும் ஆற்றல் மிகுந்து நிற்கின்றது. எப்பொருளும் தன் ஆற்றலைக் குறைத்து அமைதியுற முயல்வதாகலின், உலோகமும் தன் மணியெல்லைகளின் மொத்தப் பரப்பைக் குறைக்க முயலும். குளிர்ந்த நிலையில் அணுக்கள் இடம்பெயர மாட்டா. ஆதலின் அம்முயற்சி கைகூடாது. வெப்பம் ஏறியவழி எல்லையில் நிற்கும் அணுக்கள் ஒரு மணியின் ஒழுங்கை விட்டு மற்றொன்றன் ஒழுங்கிற்குத் தாவுகின்றன. எல்லை நகர்கின்றது.

ஈண்டு ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். மணி வளர்தல் என்பது பொருள் ஓரிடத்தினின்றும் வேறிடத்திற்குச் சென்று குவிதல் அன்று. எல்லைக்கல்லைப் பெயர்த்து நட்டால் நிலம் நகர்வதில்லை, உரிமையே மாறுகின்றது. அதுபோல, அணுக்கள் ஏறத்தாழ நின்றவிடத்தே நிற்க, அவை எந்த ஒழுங்கிற்கு உரியன என்பதே மாறுகின்றது.

எந்த மணி வளரும், எது தேயும்? இதற்கு விடை காண நுரை துணைசெய்யும். கண்ணாடித் தட்டு இரண்டன் இடையே சவர்க்கார நுரையை ஒரே படலமாக அடக்கி வைத்துச் சிலநேரம் நோக்கின், சில குமிழிகள் சுருங்கி மறைவதையும் சில பெருகுவதையும் காணலாம். ஆறு பக்கத்திற்குக் குறைந்த குமிழி தேயும். ஆறுக்கு மிக்கது வளரும். ஆறேயுடையது அவ்வளவில் நிற்கும். கணிதப் பேரறிஞர் வான் நியூமன் 1952இல் நுரைக்குக் கண்ட இவ்விதியை, மல்லின்சு என்பார் 1956இல் உலோகத்தின் மணியெல்லைகளுக்குப் பொருத்திக் காட்டினார். இது தட்டையான பரப்பிற்கே உரிய விதி. நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய மணிகளுக்குரிய முழுவிதியை மக்பெர்சன், சுரோலோவிட்சு ஆகிய இருவரும் 2007இல் வகுத்தனர்.

சிறுமணி பெரும்பாலும் சில பக்கங்களையே உடையது. அதனைச் சூழ்ந்த எல்லைகள் அதன் உள்நோக்கி நகர்ந்து அதனை நெருக்குகின்றன. பெருமணி பல பக்கங்களை உடையது. அதன் எல்லைகள் புறநோக்கிச் செல்கின்றன. எனவே காலஞ் செல்லச்செல்ல மணிகளின் எண்ணிக்கை குறையும். எஞ்சியவற்றின் சராசரி அளவு கூடும். இதுவே இயல்பான மணிவளர்ச்சி. இதன்கண் எல்லா மணிகளும் பங்குகொள்கின்றன. பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள விகிதம் பெரிதும் மாறுவதில்லை. வளர்ச்சிக்கு முந்தைய படத்தை உருப்பெருக்கியாற் பெரிதாக்கினாற் போலவே பிந்தைய படமும் தோன்றும்.

4. தடையும் மிகைவளர்ச்சியும்

மிகைவளர்ச்சியின் தோற்றமே வேறு. பல்லாயிரம் மணிகள் இருந்த அளவிலேயே இருப்ப, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மணிகள் மட்டும் பதின்மடங்கு, நூறுமடங்கு எனப் பெருகுகின்றன. நுண்மணற் பரப்பிடையே பாறைகள் எழுந்தாற்போன்ற காட்சி அது.

பெரியது சிறியதை விழுங்கும் என்னும் பொதுவிதியே இதற்குப் போதிய காரணம் என எண்ணத் தோன்றும். ஆயின் அது பொருந்தாது. எல்லா மணிகளும் தடையின்றி வளரும் இடத்தில், அளவாற் பெரிய மணி ஒன்றும் வளரும். ஆயினும் ஏனையவும் உடன்வளர்தலின், சராசரியை நோக்க அதன் பெருமை நாளடைவிற் குறையும். சுவீடன் நாட்டறிஞர் இல்லர்ட்டு 1965இல் இதனைக் கணிதவழி நிறுவினார். அங்ஙனமாயின், சில மட்டும் மிகுதற்கு வேண்டுவது யாது? ஏனையவை வளராது நிற்றலே. அவற்றை நிறுத்துவது எது என்பதே அடுத்த வினா.

கலப்புலோகத்தினுள் மணிகளேயன்றி மிக நுண்ணிய வேற்றுப்பொருட் பொடிகளும் சிதறிக் கிடக்கும். நகர்ந்து வரும் மணியெல்லை அத்தகைய பொடி ஒன்றைத் தொட்டவுடன், பொடி அடைத்துக்கொண்ட அளவிற்கு எல்லையின் பரப்புக் குறைகின்றது. அதனை விட்டு அகல வேண்டுமாயின் குறைந்த பரப்பை மீண்டும் உண்டாக்க வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும். ஆதலின் எல்லை அவ்விடத்தே தடைப்பட்டு நிற்கின்றது. பொடி நுணுகுந்தோறும், எண்ணிக்கையில் மிகுந்தோறும் தடை வலுக்கும். இவ்விளக்கம் சீனர் என்பாருடையது. அதனை உலகறியச் செய்தவர் சிரில் சிடான்லி சுமித்து. அவர் 1948இல் எழுதிய கட்டுரையில் இஃது இடம்பெற்றது.

இனி, வெப்பம் மேலும் ஏறுகின்றது எனக் கொள்வோம். பொடிகள் கரையத் தொடங்கும். அல்லது ஒன்றுகூடிச் சிலவாகும். ஆயின் எல்லாவிடத்தும் ஒரே நேரத்தில் அங்ஙனம் நிகழ்வதில்லை. ஓரிடத்தில் தடை முன்னர்த் தளரும். அவ்விடத்து மணி விடுபட்டு நகரும். அதனைச் சூழ்ந்தவை யாவும் இன்னும் கட்டுண்டு கிடக்கும் சிறுமணிகள். அவற்றை விழுங்குந்தோறும் அதன் பக்கங்களின் எண்ணிக்கை கூடும்; பக்கங்கள் கூடுந்தோறும் விழுங்கும் விசையும் மிகும்.

எனவே மூவகை நிலைகள் பெறப்படும். தடையே இல்லாவிடத்து எல்லா மணிகளும் வளரும். தடை முற்றும் நிலைத்தவிடத்து எம்மணியும் வளராது. தடை இருந்து தளருமிடத்து மட்டுமே சில மணிகள் மிகைவளர்ச்சி எய்தும். மிகைவளர்ச்சிக்கு அடிப்படை பலவற்றின் தடையே என்பது இதனாற் போதரும். பொடியேயன்றி, மணிகளின் திசையொற்றுமை, தகட்டின் மென்மை முதலியனவும் தடையாதல் உண்டு. அவற்றின் விரிவு ஈண்டு வேண்டுவதன்று.

இதனாற் பயனும் விளைகின்றது. அமெரிக்க நாட்டினராகிய நார்மன் காசு என்பார் 1934இல் உரிமை பெற்ற முறையால், ஏறத்தாழ 3 விழுக்காடு சிலிக்கன் கலந்த இரும்புத் தகட்டில், காந்த ஆற்றல் எளிதிற் செல்லும் திசையில் அமைந்த மணிகளை மட்டும் சென்டிமீட்டர் அளவிற்கு வளரச்செய்தல் இயன்றது. ஏனைய மணிகளைத் தடுத்து நிறுத்துவன மாங்கனீசு சல்பைடு போன்ற நுண்பொடிகள். தெருவோரத்துக் கம்பங்களில் நாம் காணும் மின்மாற்றிகளிற் பெரும்பாலனவற்றின் உள்ளகம் இத்தகைய தகடுகளால் ஆயது. சப்பானில் தொகொக்கு பல்கலைக்கழகத்தார் செம்பு, அலுமினியம், மாங்கனீசு கலந்த உலோகத்தைப் பலகால் வெப்பமேற்றியும் இறக்கியும் மிகைவளர்ச்சியைத் தூண்டினர். இம்முறையை அவர்கள் 2013இல் வெளியிட்டனர். 2017இல் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமுள்ள கோல் முழுவதையும் ஒரே மணியாக்கிக் காட்டினர். உருக்கி வார்க்காமல், திண்மநிலையிலேயே இதனைச் செய்தமை குறிப்பிடத்தக்கது.

தீங்கும் உண்டு. கருவிக்குரிய உருக்கில் பெருமணியும் சிறுமணியும் விரவி நிற்பின் அதன் உரம் குன்றும், அடியேற்றவழி முறியும். அது பற்றியே உருக்காலையார் அலுமினியம் நைட்ரைடு முதலிய நுண்பொடிகளை உருக்கினுள் தோற்றுவித்து, அவை கரையும் வெப்பத்தைக் கடவாதவாறு காக்கின்றனர்.

5. உருக்கு: மேல்சிறுவள்ளூர்

எஃகு, உருக்கு என்னும் இரு சொற்களும் இன்று ஒருபொருட் கிளவிகளாக வழங்குகின்றன. சங்க நூல்களில் எஃகு என்பது வேல் முதலிய கூரிய படைக்கலத்தைக் குறித்து வரும். திருவள்ளுவரும் பொருள்செயல்வகை அதிகாரத்தில் பொருளைப் பகைவர்தம் செருக்கை அறுக்கும் எஃகாகவே கூறினார். எஃகு என்பது பயன்பற்றி வந்த பெயர் எனின், உருக்கு என்பது செய்முறை பற்றி வந்த பெயர் ஆம். உருக்கிச் செய்தது உருக்கு. மேலைநாட்டார் ‘வூட்சு’ என வழங்கிய சொல்லைக் கன்னட ‘உக்கு’ என்பதன் திரிபு என்பார் உளர். தமிழ் ‘உருக்கு’ என்பதனோடு இயைப்பாரும் உளர். பம்பாயிலிருந்து இவ்வுருக்கின் துண்டுகள் 1794இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. சியார்சு பியர்சன் 1795இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். மைக்கேல் பாரடே, இசுடோடார்ட்டு என்பவரோடு கூடி 1818 முதல் சில ஆண்டுகள் இவ்வுருக்கின் இயல்பை ஆராய்ந்தார்.

தென்னார்க்காட்டு மேற்குப் பகுதியில் பண்டைச் செம்புத் தொழிலின் அடையாளங்களைத் தேடிச்சென்ற சாரதா சீனிவாசன், மேல்சிறுவள்ளூரில் உருக்குமூசைகளின் உடைசற்குவியலைக் கண்டறிந்து 1994இல் வெளியிட்டார். மூசையின் உட்புறத்தே ஒட்டி எஞ்சிய உலோகத்தை உருப்பெருக்கியால் நோக்கியபொழுது, கரி மிகுந்த உருக்கிற்குரிய உள்ளமைப்புப் புலப்பட்டது. எழுதப்பட்ட சான்று ஒன்றும் இன்றி, உடைந்த மண்மூசையில் ஒட்டிய சிறுதுணுக்கே அங்கு நிகழ்ந்த தொழிலை அறிவித்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தொழில் நடைபெற்ற முறையைப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய சோசையா மார்சல் ஈத்து 1839இல் விளக்கியுள்ளார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சிகளை மூசையில் இட்டு, எருக்கு முதலியவற்றின் இலையால் மூடி, மண்ணால் வாயடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓருலையில் அடுக்கி, ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் துருத்தியால் ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தெடுத்த கட்டிகளை, உருகும் நிலைக்குச் சற்றுத் தாழ்ந்த வெப்பத்தில் பலமணிநேரம் கரித்தீயில் புரட்டிப் புரட்டி வாட்டுவர். அதன் பின்னரே கோலாக அடிப்பர்.

இச்செய்முறையின் நுட்பத்தை மணிவளர்ச்சியின் துணைகொண்டு உணரலாம். தூய இரும்பு உருகுவது 1538 செல்சியசு பாகையில். கரி ஒன்றரை விழுக்காடு சேர்ந்தவழி, ஏறத்தாழ முந்நூறு பாகை தாழ்விலேயே அஃது உருகத் தொடங்கிவிடும். மூசையில் உருகி மெல்ல ஆறும் உருக்கில் மணிகள் மிகப் பெரியனவாக உருவாகும். வெப்பம் 1000 பாகைக்கு அணித்தாகக் குறையும்பொழுது, மிகுந்த கரி இரும்போடு கூடிச் சிமெண்டைட்டு என்னும் கடிய சேர்மமாகப் பிரியும். பெரும்பகுதி அம் மணியெல்லைகளை ஒட்டி வலைபோற் படியும். வலை கடிதாயினும் எளிதில் உடைவது. ஆதலின் மூசையினின்றும் எடுத்த கட்டி அப்படியே கருவியாகாது.

கொல்லன் அதனைச் செந்நிற வெப்பத்தில் வைத்து மெல்ல மெல்ல அடிக்கின்றான். வலை சிறுபொடிகளாகச் சிதைகின்றது. அச்சிறுபொடிகளே மணியெல்லைகளுக்குத் தடையாக நின்று, மணிகளை நுண்ணியவாகக் காக்கின்றன. கேடாயிருந்த பொருளே காவலாக மாறுகின்றது. ஆயின் இக்காவல் ஓரளவிற்கே உண்டு. வெப்பம் ஏறத்தாழ 1000 பாகையைக் கடந்தால் பொடிகள் கரையும். முற்றுங் கரையுமுன் ஓரிடத்திற் கரைந்தும் ஓரிடத்தில் எஞ்சியும் நிற்கும் நிலையே மிகைவளர்ச்சிக்கு வாயிலாவது. அதற்கும் மேற்சென்று உருகத் தொடங்கும் வெப்பத்தை எட்டினால், முதலில் மணியெல்லைகள் உருகும். அந்நிலையில் விழும் அடிக்கு உருக்கு நொறுங்கும்.

மேலைநாட்டுக் கொல்லர் சிலர் இவ்வுருக்கை அடிக்கப் புகுந்து தோல்வியுற்றமைக்குக் காரணம் இதுவே. கரி குறைந்த இரும்பிற்குப் பழகிய வெண்ணிற வெப்பத்தை அவர்கள் இதற்கும் ஏற்றினர்; உருக்கு சம்மட்டியின் கீழ் நொறுங்கியது. நொறுங்குதற்கு நேர்க்காரணம் எல்லை உருகுதலேயன்றி மணிவளர்ச்சி அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழை. ஆயினும் இரண்டிற்கும் வழி ஒன்றே; அஃது அளவிறந்த வெப்பம்.

இவ்வுருக்கால் ஆகிய வாள்களின்மேல் நீரோட்டம்போலத் தோன்றும் கோலத்திற்குரிய காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருமணிகளின் எல்லைகளிற் படிந்த வலை அடிபட்டு நீண்டமையே கோலம் என்பது செர்பி, வாட்சுவர்த்து ஆகியோர் கொள்கை. வனேடியம் முதலிய கலப்புகள் சிறிதளவு வரிவரியாக ஒதுங்கி நின்று, பொடிகளை அவ்வரிகளிற் கூடச்செய்தலே காரணம் என்பது வெரோவன் என்னும் உலோகவியலாரும் பெண்ட்ரே என்னும் கொல்லரும் சோதனைவழிக் கண்ட முடிபு. வரிகள் பலகாற் காய்ச்சி அடித்தபின்னரே தெளிவுறுதலை அவர்கள் செய்து காட்டினமையின், பின்னையதே வலியுடைத்தென யாம் கருதுகின்றோம். அடித்தற்குரிய வெப்பம் தாழ்ந்த செவ்வெப்பமே என்பதில் இருசாராரும் மாறுபடார். கரியின் அளவையோ மணியின் பெயரையோ அறியாத உலைக்களத்தார், தீயின் நிறமொன்றையே கருவியாகக் கொண்டு அவ்வெல்லையைக் கடவாது நின்றனர்.

6. செம்பு: எசாலம்

இனிச் செம்பிற்கு வருவோம். எசாலத்துச் செப்பேடுகளின் வாசகத்தை நாம் நன்கறிவோம். அதன் உலோகம் எத்தகைய செய்திகளைத் தன்னகத்தே கொண்டிருத்தல் கூடும் என்பதே ஈண்டு வினா.

வார்த்த செம்பும் வெண்கலமும் உறையும்பொழுது, மணியின் உள்ளே மரக்கிளைபோற் கிளைத்த அமைப்பு ஒன்று தோன்றும். மெழுகுக்கரு அழித்து வார்த்த திருமேனிகளில் இவ்வமைப்பை எதிர்பார்க்கலாம். வார்த்த செம்பைத் தகடாக அடித்தால் அக்கிளைகள் நசுங்கும், மணிகள் அடித்த திசைக்கேற்ப நீளும், உலோகம் விறைக்கும். மேலும் அடித்தல் வேண்டின் காய்ச்சுதல் வேண்டும். காய்ச்சியவழிப் பழைய மணிகள் மறைந்து புதுமணிகள் பிறக்கும். அப்புது மணிகளின் குறுக்கே, இணைகோடுகளால் அடைக்கப்பட்ட இரட்டைப்பட்டைகள் காணப்படும். அப்பட்டை உண்டாயின், அச்செம்பு அடித்துக் காய்ச்சப்பட்டது என்பதற்கு அது கரியாகும். பட்டைகள் வளைந்திருப்பின், காய்ச்சியபின் மீண்டும் அடிக்கப்பட்டது என்பது பெறப்படும். மணியின் அளவு, காய்ச்சிய வெப்பத்தையும் நேரத்தையும் பற்றிக் குறிப்பறிவிக்கும். எழுத்து வெட்டிய உளியின் கீழ்நின்ற மணிகளும் நசுங்கி நின்று, எழுத்து வெட்டப்பட்டதா வார்க்கப்பட்டதா என்பதை உணர்த்தும்.

இத்தகைய தகட்டை மீண்டும் தீயிலிட்டால் என்ன நிகழும்? செம்பு உருகுவது 1085 பாகையில். ஆயின் அதன் மணிகள் வளர்தற்கு அவ்வளவு வெப்பம் வேண்டுவதில்லை. செம்மையாக எரியும் விறகுத்தீயே போதும். நசுங்கிய மணிகள் மறையும். வளைந்த பட்டைகள் மறையும். உளியின் சுவடு நுண்ணளவில் மறையும். சிறிதே அடிபட்ட பகுதிகளிற் புதுமணிகள் சிலவே பிறத்தலின், அவை மிகப் பெரியனவாக வளரும். மேலே எழுத்து அப்படியே நிற்கும். அடியில் எழுதியவன் கைத்தடம் ஒழியும். பெருமணி ஒன்று நூறு சிறுமணிகளை விழுங்கியபின், அவை எங்ஙனம் நின்றன என்பதை எக்கருவியாலும் மீட்டல் இயலாது.

திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், நிலத்தைத் தோண்டியபொழுது கிடைத்த பழஞ்செம்பு ஒன்றைப் பச்சைக்களிம்பு போகும் என்று அடுப்புத்தீயிற் காய்ச்சிப் புளியிட்டுத் துலக்கியதை யாம் நேரிற் கண்டோம். செய்தவர் பொருளைப் போற்றும் கருத்தினரே. புளி செம்பின் மேற்பரப்பை அரித்தது. தீ அதன் உள்ளத்தை அழித்தது. புளியால் வந்த கேட்டைக் கண் காணும். தீயால் வந்த கேட்டைக் காண்பார் இலர். ஆதலின் அதுவே அஞ்சத்தக்கது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன:

ஒன்று, உலோகத்தின் மணிகள் எல்லைப்பரப்பைக் குறைத்தற்பொருட்டு வெப்பத்தில் வளர்கின்றன. இரண்டு, பலவற்றின் வளர்ச்சி தடைப்பட்டு, அத்தடை ஒருசிலவிடத்து மட்டும் தளரும்பொழுது மிகைவளர்ச்சி நிகழ்கின்றது. மூன்று, மூசையுருக்கைச் செவ்வெப்பத்தின்மேற் போகாது அடித்தல் என்னும் தொழின்மரபு, தடையாகிய நுண்பொடிகளைக் கரையாது காக்கும் நெறியே. நான்கு, பழஞ்செம்பையும் உருக்கையும் மீண்டும் காய்ச்சுதல் அவற்றின் உள்ளேட்டை அழித்தலாகும்.

நான்காவது தமிழாய்வார் கடமையொடு பட்டது. ஊர்தோறும் களப்பணி செய்யும் மாணவர்களிடமே இத்தகைய பொருள்கள் முதலில் வந்து சேர்கின்றன. செப்பேடோ திருமேனியோ கிடைத்தவழித் தீயிற் காட்டலாகாது, துலக்கலாகாது, கிடைத்தவாறே வைத்து, 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். பதிப்பிக்கும்பொழுது எழுத்தோடு அமையாது, ஏட்டின் எடை, நீளம், அகலம், கனம், தீப்பட்ட அடையாளம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். மூசையோட்டையும் கசடையும் பயனற்ற குப்பை எனத் தள்ளுதல் கூடாது. மேல்சிறுவள்ளூர் நமக்குப் பேசியது ஓட்டில் ஒட்டிய துணுக்கினாலேயே.

சுவடி செல்லரித்து மறைந்தமைக்கு நாம் வருந்துகின்றோம். கல்லெழுத்தின்மேற் சுண்ணம் பூசியதைக் கண்டு சினக்கின்றோம். உலோகத்தினுள் மணிகளாய் அமைந்த எழுத்தும் அவ்விரண்டோடு ஒருங்கு வைத்துப் போற்றற்குரியது. கிடங்கில் நல்லியக்கோடன் நாட்டில் மண்ணின்கீழ் இன்னும் எத்துணை ஏடுகள் உளவோ, அவற்றைக் கையில் எடுப்பார் இதனை மனங்கொள்வாராக.